குளிர்காலத்துச் சிறு சுடர்



யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நத்தார்ப் பண்டிகை மழையோடு வருகின்றது. வாடைக்காற்று வேலியை அசைக்க, முற்றத்தில் நீர் தேங்கி நிற்க, தேவாலயத்துச் சிறுவர்கள் பனி மூடிய வயல்களையும் உறைந்துபோன நீர்நிலைகளையும் பற்றிப் பாடுகின்றனர். பாடும் பிள்ளைகளுள் வெண்பனியைக் கண்ணாற் கண்டவர் அரியர். அப்பாடல்களுட் பல பிறந்த நாடு இங்கிலாந்து. அங்கே அவை பாடப்படும் காலம் எத்தகையது, அக்காலத்தில் சிறுவரை ஒன்றுகூட்டிப் பாடவைப்போர் எதிர்கொள்ளும் தொல்லைகள் யாவை, அத்தொல்லைகளினிடையே அவர்கள் காணும் மகிழ்ச்சி எங்கிருந்து பிறக்கின்றது என்பனவே இப்பேச்சின் பொருளாகும்.

இலங்கையின் வடபகுதியில் ஆண்டின் மிகக் குறுகிய பகற்பொழுதும் ஏறக்குறையப் பதினொன்றரை மணி நேரம் நீடிக்கும். இலண்டனிலோ டிசெம்பர் 21 அளவில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பிற்பகல் நான்கு மணி அடிக்குமுன் சூரியன் மறைந்துவிடுகின்றது. வடக்கே ஸ்கொத்லாந்துக்குச் செல்லச் செல்ல அந்த ஒளியும் சுருங்கிக்கொண்டே போகும். பிள்ளைகள் அரையிருளிற் பாடசாலைக்குப் புறப்பட்டு அந்தி மயங்கும் வேளையில் வீடு திரும்புகின்றனர். மரங்கள் இலையுதிர்ந்து வெறுங் கொம்புகளாய் நிற்கின்றன. மழையும் மூடுபனியும் மாறி மாறி வருகின்றன. பாடல்களிற் புகழப்படும் வெண்பனி, தென்னிங்கிலாந்தில் நத்தாரன்று விழாத ஆண்டுகளே மிகுதி. இந்த இருளின் நடுவிலேயே அங்கே நத்தார் வருகின்றது.

நவெம்பர் முடியுமுன்னரே ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களின் கை ஓய்வறியாததாகிவிடும். இவர்களுட் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்; வாரம் முழுவதும் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ வீட்டிலோ உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலையிற் பிள்ளைகளிடம் வருவோர். இயேசு பிறப்பு நாடகத்துக்கு ஆட்களைத் தெரிவதிலேயே சோதனை தொடங்குகின்றது. மரியாளாக நடிக்கச் சிறுமியர் ஐவர் விரும்புவர். இடமில்லையென்று கதவைச் சாத்தும் சத்திரக்காரனாக நடிக்க ஒருவரும் முன்வரார். சமையலறையிற் பாத்திரம் துடைக்கும் கோடிட்ட துணியைத் தலையிற் சுற்றிக் கயிற்றாற் கட்டினால் மேய்ப்பன் ஆயத்தம். பழைய படுக்கை விரிப்பு வானதூதரின் வெண்ணுடையாகும். எந்த வேடமும் கொடுக்க இயலாத மூன்று வயதுக் குழந்தைக்குப் பஞ்சு ஒட்டிய தொப்பியை அணிவித்தால் அது ஆட்டுக்குட்டி. நாடகத்தன்று மேய்ப்பன் தன் வசனத்தை மறப்பான். வானதூதருள் ஒருத்தி தாயைக் கண்டவுடன் கையசைப்பாள். ஆட்டுக்குட்டி, பாலன் கிடக்கவேண்டிய முன்னணையில் தானே ஏறிப் படுத்துக்கொள்ளும். ஆண்டு முழுவதும் ஆலயப் படி ஏறாத தந்தையரும் பாட்டன் பாட்டியரும் அன்று வந்து நிறைந்திருப்பர். சிரிப்பொலியும் கைதட்டலும் ஓய்ந்து எல்லோரும் வீடு திரும்பும்போது, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி வேடத்துணிகளைப் பெட்டியில் மடித்து வைப்பதும் அந்த ஆசிரியர்களே.

அடுத்து வருகின்றது தை மாதம். விளக்குத் தோரணங்கள் இறக்கப்படுகின்றன. நத்தார் மரம் அகற்றப்பட்ட மூலை வெறுமையாய்த் தோன்றுகின்றது. குளிரோ குறையவில்லை, இங்கிலாந்தின் கடுங்குளிர் நாட்கள் நத்தார் கழிந்த பின்னரே பெரிதும் வருகின்றன. கல்லாற் கட்டிய பழைய தேவாலயங்களைச் சூடேற்றுவது எளிதன்று. அதற்காகும் பணமும் சிற்றூர்ச் சபைகளுக்குப் பெருஞ்சுமை. பிள்ளைகளைத் தடிமனும் இருமலும் பற்றிக்கொள்கின்றன. நாடகத்தன்று முப்பது பேர் நின்ற இடத்தில் ஆறேழு பேரே அமர்ந்திருக்கும் ஞாயிறுகள் உண்டு. குளிர்ந்த கைகளைத் தேய்த்துக்கொண்டு அந்த ஆறேழு பேரின் முன் நிற்கும் ஆசிரியையின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. மார்கழியிற் பட்ட பாடெல்லாம் ஒருநாட் கூத்துக்குத்தானா? இப்பணியை இனியும் தொடர்வதாற் பயன் உண்டா? பலர் இப்பணியைக் கைவிட நினைப்பது தை மாதத்தில்தான்.

அக்கேள்விக்கு விடை காண, இப்பணி எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சற்று நோக்குதல் தகும். 1780ஆம் ஆண்டில், குளொஸ்டர் நகரத்துப் பத்திரிகை உரிமையாளரான ரொபேட் ரெயிக்ஸ், ஏழைச் சிறுவர்க்கு ஞாயிறு பாடசாலையொன்றைத் தொடங்கினார். அந்நகரில் குண்டூசித் தொழிற்சாலைகள் இருந்தன. பிள்ளைகள் வாரத்தில் ஆறு நாளும் அவற்றில் வேலை செய்தனர். ஓய்வு கிடைத்த ஒரே நாளாகிய ஞாயிற்றுக்கிழமையில் தெருக்களில் அலைந்து திரிந்தனர். அந்த ஒரு நாளில் அவர்களுக்கு எழுத்தும் வாசிப்பும் வேதமும் கற்பிப்பதே ரெயிக்ஸின் திட்டம். அவருக்கு முன்னரும் சிலர் இதனைச் செய்ததுண்டு. ஆயினும் தம் பத்திரிகை வாயிலாக இச்செய்தியை நாடெங்கும் பரப்பியவர் அவரே. 1831ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவின் ஞாயிறு பாடசாலைகளிற் படித்த சிறுவர் தொகை ஏறக்குறைய 12½ இலட்சம். பிற்காலத்தில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் வந்து எழுத்தறிவிக்கும் பொறுப்பை அரசு ஏற்றது. இருபதாம் நூற்றாண்டில் ஞாயிறு பாடசாலைக்குச் செல்வோர் தொகை பெரிதும் குறைந்தது. பணியின் பயனை எண்ணிக்கையால் மாத்திரம் அளப்பவர்க்கு அந்த 12½ இலட்சம் பெருமிதத்தையும் இன்றைய ஆறேழு பேர் சோர்வையும் தருதல் தவிர்க்க முடியாதது.

ஆனால் இப்பணியின் வரலாற்றில் வேறொரு வகைக் கணக்கும் உண்டு. 1881ஆம் ஆண்டில், தென் இலண்டனில் லாம்பெத் என்னும் பகுதியில், எட்வேட் ருடோல்ஃப் என்னும் இளைஞர் ஒரு ஞாயிறு பாடசாலையை நடத்தி வந்தார். அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராய்ப் பணியாற்றியவர் அவர். அவரிடம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த இரு சகோதரர் திடீரென வரவில்லை. நிறைந்த வகுப்பில் இருவர் குறைந்தால் என்ன என்று அவர் விட்டுவிடவில்லை. தேடிச் சென்றார். எரிவாயுத் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்வோரிடம் உணவுக்குக் கையேந்தி நின்ற நிலையில் அச்சிறுவர்களைக் கண்டார். அவர்களின் தந்தை இறந்துவிட்டார். தாயோ பிள்ளைகளைப் பேண வழியற்றிருந்தாள். பணம் பெறாமல் அவ்விருவரையும் ஏற்கக்கூடிய இல்லமொன்று தம் திருச்சபையில் உண்டா என்று ருடோல்ஃப் தேடினார், கிடைக்கவில்லை. ஆகவே நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு கன்ரபெரிப் பேராயரை அணுகி, அவ்வாண்டிலேயே அநாதரவான சிறுவர்க்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் இலண்டனின் டல்விச் பகுதியில் அதன் முதல் இல்லம் திறக்கப்பட்டது. பின்னாளில் ‘சிறுவர் சங்கம்’ எனப் பொருள்படும் பெயரைப் பெற்ற அந்நிறுவனம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் புகலிடமாயிற்று.

இவ்வளவுக்கும் வித்து யாது? வரவு இடாப்பில் இரண்டு வெற்றிடங்கள். இடாப்பு என்பது வந்தவரைக் கணக்கிடும் ஏடு என்றே பலர் எண்ணுவர். வகுப்பறையில் நீண்டகாலம் நின்ற ஆசிரியர்கள் அறிவர், அது வராதவரைக் காட்டும் ஏடு என்பதை. வந்த பிள்ளை தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். வராத பிள்ளைக்காகப் பேசுவதற்கு அந்த ஏட்டைத் தவிர வேறு யாருளர்? ருடோல்ஃப் இடாப்பை அவ்வாறு வாசித்தார். தை மாதத்து வெறும் வாங்குகளைக் கண்டு மனஞ்சோரும் ஆசிரியைக்கு விடையும் இங்கேதான் இருக்கின்றது. முப்பது பேரின் நாடகத்தில் அவள் பார்த்தது ஒரு கூட்டம். ஆறு பேரின் வகுப்பில் ஆறு முகங்கள் அவளுக்குத் தெரிகின்றன. வராத இருபத்துநான்கு முகங்களும் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயருண்டு, ஒரு வீடு உண்டு.

இங்கிலாந்தின் நத்தார் வழிபாடுகளை உற்று நோக்கினும், கூட்டத்தினிடையே ஒரு பிள்ளைக்கு இடங்கொடுக்கும் இப்பண்பு புலனாகும். துரூரோ நகரில் 1880ஆம் ஆண்டு நத்தாருக்கு முந்திய இரவில், அந்நகர ஆயர் எட்வேட் பென்சன் ஒன்பது வேதபாடங்களும் கீதங்களும் அடங்கிய வழிபாடொன்றை நடத்தினார். பேராலயம் அப்போது கட்டி முடியவில்லை; வழிபாடு நடந்தது மரத்தாலான தற்காலிகக் கொட்டகையில். முதற் பாடத்தை வாசித்தவன் பாடகர் குழுவைச் சேர்ந்த ஒரு சிறுவன். படிப்படியாகப் பெரியோர் வாசிக்க, இறுதிப் பாடத்தை ஆயர் வாசித்தார். எல்லோர்க்கும் இளையவன் முதலில் நிற்க, எல்லோர்க்கும் மூத்தவர் இறுதியில் நின்றார்.

அவ்வழிபாட்டை 1918ஆம் ஆண்டு டிசெம்பர் 24ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கிங்ஸ் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் எரிக் மில்னர் வைட். முதலாம் உலகப் போரிற் படைக்குருவாய்ப் பணியாற்றித் திரும்பியவர் அவர். போர் ஓய்ந்து ஆறு வாரங்களே கழிந்திருந்தன. மைந்தரை இழந்த வீடுகள் நாடெங்கும் இருந்தன. 1919 முதல் அவ்வழிபாடு, தாவீதின் ஊரைப் பற்றிய பாடலொன்றின் முதலடிகளை ஒரு சிறுவன் தனித்துப் பாடுவதோடு தொடங்கி வருகின்றது. தன்னையே ஆசிரியர் சுட்டுவார் என்பது பாடுமுன் சில கணங்கள் வரை அச்சிறுவனுக்குத் தெரியாது. பல பிள்ளைகள் ஆயத்தமாக நிற்பர் என்று கூறுவர். 1928ஆம் ஆண்டு அவ்வழிபாடு முதன்முதலில் வானொலியில் ஒலிபரப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகள் கழற்றப்பட்டு, பாதுகாப்பின் பொருட்டு இடத்தின் பெயரும் சொல்லப்படாத நிலையிலும் ஒலிபரப்பு நிற்கவில்லை. இருளடைந்த வீடுகளில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்தோர்க்கு முதலில் எட்டியது ஒரு பிள்ளையின் குரல்.

அச்சிறுவன் பாடும் பாடலும் வகுப்பறைக்கு உரியதே. அயர்லாந்தைச் சேர்ந்த செசில் பிரான்சஸ் அலெக்சாந்தர் அம்மையார் 1848இல் வெளியிட்ட சிறுவர் கீதத் தொகுப்பில் அது இடம்பெற்றது. விசுவாசப் பிரமாணத்தின் கடினமான சொற்களைப் பிள்ளைகளுக்கு விளங்கவைக்கும் பொருட்டு அவர் அப்பாடல்களை இயற்றினார். அந்நூல் விற்ற பணத்தைச் செவிப்புலனற்ற பிள்ளைகளின் பாடசாலைக்கு வழங்கினார். தம் பாடலைக் கேட்கவியலாத பிள்ளைகளுக்கு அதன் ஊதியம் சென்றது என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழும்.

கடும் நடுக்குளிர்காலத்தையே பெயராகக் கொண்டுவிட்ட இன்னொரு பாடலும் அங்கே பெருவழக்கு. அதனை எழுதியவர் கிறிஸ்டினா றொசற்றி என்னும் கவிஞர். 1872ஆம் ஆண்டு அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் அது வெளிவந்தது. குஸ்தாவ் ஹோல்ஸ்ட் அமைத்த மெட்டோடு 1906இல் ஆங்கிலக் கீதப் புத்தகமொன்றிற் சேர்ந்த பின்னர் நாடெங்கும் பரவிற்று. இயேசு பிறந்த பெத்லகேம் ஆங்கிலக் குளிரை அறிந்த ஊரன்று. கவிஞர் தம் நாட்டுக் குளிருக்குள் அப்பிறப்பைக் கொண்டுவந்து வைத்தார். கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத ஏழை எதனைக் கொடுப்பது என்ற வினாவோடு பாடல் முடிவை நெருங்குகின்றது. அவ்வினா றொசற்றிக்கு வெறுங் கற்பனையன்று. 1859 முதல் ஏறத்தாழப் பத்தாண்டு காலம், வாழ்வில் வழிதவறியோர் என்று உலகம் ஒதுக்கிய பெண்களுக்கான இல்லமொன்றில், ஹைகேட் என்னும் இடத்தில், அவர் ஊதியமின்றித் தொண்டாற்றினார். புகழோ கைதட்டலோ அங்கே கிடையாது. தை மாதத்து ஞாயிறு பாடசாலையிலும் கிடையாது. அதனாற்போலும், அப்பாடலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர், இறுதியடிகளிற் கேட்கப்படும் கேள்வி தமக்கே உரியது என்று உணர்கின்றனர்.

இனி, சிறு சுடரின் கதை. ஜேர்மனியில் மரியன்போர்ன் என்னும் இடத்தில், 1747ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், மொறேவியன் சபையின் யோகான்னஸ் வற்றவில் என்பார் சிறுவர்க்கென ஒரு வழிபாட்டை நடத்தினார். அதன் முடிவிற் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சிவந்த நாடா சுற்றிய மெழுகுதிரி ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் அச்சுடரை ஏந்திக்கொண்டு வீடு சென்றனர். ‘கிறிஸ்டிங்கிள்’ எனப் பெயர் பெற்ற அவ்வழக்கத்தில் தோடம்பழம் பிற்காலத்திற் சேர்ந்தது. இன்று பிள்ளையின் கையிற் கொடுக்கப்படுவது ஒரு தோடம்பழம், அது உலகு. அதனைச் சுற்றியுள்ள சிவப்பு நாடா இயேசுவின் இரத்தம். பழத்திற் குத்திய நான்கு சிறு குச்சிகள் நான்கு பருவங்கள். அவற்றிற் கோத்த உலர்ந்த திராட்சையும் இனிப்பும் நிலம் தரும் விளைவு. உச்சியில் நாட்டிய மெழுகுதிரி உலகின் ஒளி. வேதபாடத்தை விளக்க இதனிலும் எளிய கருவி கிடைப்பதரிது, உண்ணவும் ஆகும். விளக்கவுரை முடியுமுன்னரே பல குச்சிகள் வெறுமையாகிவிடுவதைக் கண்டும் காணாமலிருப்பது அங்குள்ள ஆசிரியரின் வழக்கம்.

இங்கிலாந்துத் திருச்சபையில் இவ்வழக்கம் 1968ஆம் ஆண்டில் நுழைந்தது. லிங்கன் பேராலயத்தில் அதனை முதலில் நடத்துவித்தவர் ஜோன் பென்சம். அவர் எந்நிறுவனத்தின் பொருட்டு அதனைச் செய்தார் என்றால், ருடோல்ஃப் நிறுவிய அதே சிறுவர் சங்கத்தின் பொருட்டே. சுடரேந்தி வரும் பிள்ளைகள் காணிக்கையும் கொண்டுவருகின்றனர். அது துன்புறும் பிள்ளைகளுக்குச் செல்கின்றது. 1881இல் இடாப்பில் விழுந்த இரண்டு வெற்றிடங்களுக்கும், இன்று குளிரிருளில் வரிசையாக நகரும் சுடர்களுக்கும் இடையே இவ்வாறு ஓர் இழை ஓடுகின்றது. அவ்வழிபாட்டை நத்தாருக்கு முந்திய ஆயத்தகாலத்திலிருந்து பெப்ரவரி 2ஆம் நாள் வரை நடத்துவர். தை மாதத்தின் வெறுமையில் அதனை வைத்துக்கொள்ளும் சபைகளும் உண்டு. ஆறு பிள்ளைகள் ஆறு சுடர்களை ஏந்தி நிற்கும் இருண்ட ஆலயத்தில், ஆறு என்பது சிறு தொகையாகத் தோன்றாது. ஒவ்வொரு சுடரும் ஒரு முகத்துக்கு ஒளியூட்டுகின்றது. எந்த முகம் வாடியிருக்கின்றது என்பதும் அவ்வொளியிலே தெரிகின்றது.

மகிழ்ச்சியைப் பேசும்போது ஓர் எச்சரிக்கையைப் பேசாது விடுதல் தகாது. பிள்ளைகளை நம்பி ஒப்படைத்த இடங்களில் அந்நம்பிக்கை சிதைக்கப்பட்டதும் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபை பல ஆண்டுகளாகச் சிறுவரைத் துன்புறுத்தலினின்று காக்கத் தவறிற்று என்று 2020இல் வெளிவந்த சுயாதீன விசாரணை அறிக்கை கண்டது. ஆகவே இன்று சிறுவர் பணியில் நிற்போர் முன்வரலாற்றுச் சோதனைக்கு உட்படுகின்றனர். பாதுகாப்புப் பயிற்சி பெறுகின்றனர். நற்குணமுடையோர் சிலர் இவற்றை அவமதிப்பாகக் கருதி முகம் சுளிப்பர். பிள்ளையின் கையில் எரியும் மெழுகுதிரியைக் கொடுப்பவர், அதன் தலைமயிரைப் பின்னே ஒதுக்கிக் கட்டி, அருகில் ஒரு வாளி நீரும் வைப்பது அன்புக் குறைவாலா? காவலும் அன்பின் ஒரு பகுதியே.

இவையெல்லாம் உணர்ந்த ஆசிரியை தை மாதத்தில் யாது செய்கின்றாள்? பெரிய காரியம் எதுவுமில்லை. வராத பிள்ளைக்கு, வகுப்பிலிருந்த பிள்ளைகள் வரைந்த படமொன்றை அஞ்சலில் அனுப்புகின்றாள். ஜனவரி 6ஆம் நாள் ஞானிகளின் வருகையை நினைவுகூரும் திருநாளில், வாசற்படியின் மேல் வெண்கட்டியால் ஆண்டின் எண்களையும் மூன்று எழுத்துக்களையும் எழுதும் வழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றாள். பனியில் இரை கிடையாத பறவைகளுக்கு அவர்களோடு சேர்ந்து தானியம் இடுகின்றாள். வெளியே வர இயலாத முதியோர் இல்லத்துக்கு அழைத்துச் சென்று, நத்தார் கழிந்த பின்னரும் ஒரு பாடலைப் பாடவைக்கின்றாள். டிசெம்பரில் நூறு பேர் வந்து பாடிச் சென்ற அவ்விடத்துக்குத் தை மாதத்தில் வருவோர் இந்த ஆறு பேர் மாத்திரமே. அவர்களுக்குக் கிடைக்கும் வரவேற்பைச் சொல்லவும் வேண்டுமா?

பெப்ரவரி 2ஆம் நாள், குழந்தை இயேசு நாற்பதாம் நாளில் ஆலயத்திற் காணிக்கையாக்கப்பட்ட திருநாள் வருகின்றது. முதியவரான சிமியோனும் அன்னாளும் கூட்டத்தினிடையே ஒரு குழந்தையை அடையாளங்கண்ட நாள் அது. ஆலயங்களில் மெழுகுதிரிகள் ஆசீர்வதிக்கப்படுகின்றன. அதற்குள் இலண்டனிற் பகற்பொழுது நத்தாரின்போது இருந்ததைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டுவிடும். உறைந்த மண்ணைப் பிளந்துகொண்டு ஸ்னோடிராப் என்னும் சிறு வெண்மலர் தலைகவிழ்ந்து பூத்து நிற்கும். ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளுள் ஒன்று அதனை முதலிற் கண்டு ஆசிரியையின் கையைப் பற்றி இழுக்கும். மார்கழிக் கைதட்டலிற் கிடைக்காத ஒன்று அந்தக் கையிழுப்பிற் கிடைக்கின்றது. அப்பிள்ளை அவளுக்குக் காட்டவேண்டுமென்றே அதனைத் தேடிக் கண்டது.

சிறுவர் பணி செய்வோர் எந்நாட்டினராயினும், எச்சமயத்தினராயினும், அவர்கள் முன்னே ஓர் இடாப்பு இருக்கின்றது. பண்டிகை ஓய்ந்து, மழையிலோ பனியிலோ வகுப்பு வெறிச்சோடிய நாளில் அதனைத் திறந்து, வராத பெயர்களை மெல்ல ஒருமுறை வாசித்து, அவற்றுள் ஒன்றைத் தேடி அவ்வாரமே அந்த வீட்டு வாசலுக்குச் செல்வார்களாயின், இப்பணியின் மகிழ்ச்சி எங்கே இருக்கின்றது என்பது அவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.